ஹேவாஹெட்ட வேனும் ஒரு நடுக்கமும்

டயலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் நான் மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. மெஷின் தனக்கு ஏதாவது ஆனால் ஊரைக் கூட்டிக் கத்திவிடும். உங்களுக்குத் தொல்லை தரப்போவது கத்தாதவர்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லிங்க சிஸ்டர்" என்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்கள். என் சர்வீஸ் முழுவதும் நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

கண்டிப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். நிம்மதியாகப் பென்சன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

வாட்டில் நீங்கள் முதலில் பயப்பட வேண்டியது கழுத்துக் குழாய்க்கு. சிறுநீரகம் கைவிட்டவரின் இரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திருப்பி உள்ளே அனுப்ப ஒரு வழி வேண்டும். நல்ல வழி, கையில் ஒரு சின்ன ஒபரேசன் செய்து இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துவிடுவது. அதுதான் ஃபிஸ்டுலா. அது அமையும்வரை கழுத்து வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை ஒரு குழாயை விட்டு, வெளியே இருக்கிற நுனியைப் பிளாஸ்டர் போட்டு மூடி வைத்திருப்போம். முன்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் திரைச்சீலை தொங்கவிட்ட வீடு மாதிரிதான் அந்த மனிதர் நடமாடுவார்.

அந்தப் பிளாஸ்டரின் மேல் நான் பார்க்காதது இல்லை. தைப்பூசம் முடிந்து வந்தால் விபூதியும் சந்தனமும். பௌர்ணமிப் போயா முடிந்து வந்தால் குழாயைச் சுற்றிப் பிக்குமார் ஓதிக் கட்டிய பிரித் நூல். பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீரும் அதன்மேல் தெளிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அங்குல இடத்தில் எல்லாச் சாமிகளும் நெருக்கியடித்துக் காவல் நின்றார்கள். கிருமி அவர்களுடைய கால்களுக்கு இடையால் புகுந்து போய்விட்டது. நான் யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்லவில்லை. "நெத்தியில வையுங்க, அங்க நாங்க குழாய் போடல" என்றுதான் சொல்வேன்.

இனி வேன் கதைக்கு வருகிறேன்.

ஹேவாஹெட்டப் பக்கத்திலிருந்து நான்கு நோயாளிகள் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு காலை முறைக்கு வருவார்கள். நால்வருக்கும் கழுத்தில் குழாய். சேர்ந்து வருவார்கள், சேர்ந்துதான் போவார்கள். ஒருவருக்குத் தாமதமானால் மற்ற மூவரும் வெளியே வாங்கில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களுக்குப் பெரியவர் ராமையா. தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு பெற்ற விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது. வாட்டுக்குள் நுழைந்ததும் குறைகளை எடுத்து வைப்பார். தலையணை மெலிசு, பிஸ்கட் நமுத்துப்போயிருக்கிறது, ஏசி குளிர்கிறது. நான் தோட்டத்துரையின் இடத்தில் இருந்தேன். எனக்குப் பங்களாவும் இல்லை, குதிரையும் இல்லை, திட்டு மட்டும் கிடைத்தது.

இரண்டாமவர் பஜாரில் பேக்கரி வைத்திருக்கிற இஸ்மாயில் நானா. நல்ல மனிதர், நடிக்கத் தெரியாதவர். மூன்றாவது, கொழுந்து பறித்து ஓய்ந்த புஷ்பம் அக்கா. இரகசியம் என்று எதைச் சொன்னாலும் பேராதனைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். நாலாவது செல்லமுத்து. இந்தக் கதை அவருடையது.

செல்லமுத்து தோட்டத்து லொறியில் உதவிக்குப் போனவர். வயதில் நால்வரிலும் இளையவர். வாய் திறந்து ஒரு பிஸ்கட் கூடக் கேட்கமாட்டார். நால்வரில் அவருக்குத்தான் முதலில் ஃபிஸ்டுலாவுக்குத் தேதி கிடைத்தது. அதற்குமுன் கிடைத்த ஒரு தேதி அவருடைய பிரஷர் ஏறிக் கிடந்ததால் ரத்தாகிவிட்டது. மறுபடி வரிசையில் நின்று வாங்கிய தேதி இது, அந்த வாரத்து வியாழக்கிழமை. வேனில் வேறு பேச்சே இல்லை. ஒருவர் கழுத்துக் குழாயிலிருந்து விடுதலையாகப் போகிறார் என்றால் மற்ற மூவருக்கும் தங்கள் வீட்டுக் கலியாணம் மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலை நால்வரும் வந்தார்கள். வாசலில் காய்ச்சல் பார்த்தோம். நாலு பேருக்கும் அளவெடுத்துத் தைத்தது போலச் சாதாரணச் சூடு, காய்ச்சல் இல்லை. எனக்கு அதிலேயே ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். தட்டவில்லை. காய்ச்சல் இல்லாததற்குச் சந்தேகப்படுகிற அளவுக்கு யாருக்கும் சம்பளம் தருவதில்லை.

அவரவருக்குக் கிடைத்த கட்டிலில் போட்டோம். ராமையாவும் செல்லமுத்துவும் பக்கத்துப் பக்கத்தில், நானா சுவரோரம், புஷ்பம் அக்கா கதவோரம். இடையில் கண்டி டவுனிலிருந்து வந்தவர்கள். இரத்தம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்லமுத்துவின் போர்வை ஆடியது. நான் அங்கே திரும்புவதற்குள் ராமையா ஒரு முறை இருமினார். அது சளி இருமல் இல்லை, சைகை இருமல் என்பது பிறகுதான் விளங்கியது.

உடனே ராமையாவின் கட்டில் ஆடத் தொடங்கியது. சும்மா ஆட்டமில்லை, கட்டிலின் ஆணி எல்லாம் சத்தம் போட்டது.

"சிஸ்டர்! இந்த ஏசிய நிப்பாட்டுங்க! ஆளுங்க வெரச்சுப் போறாங்க!" என்றார்.

சுவரோரத்திலிருந்து நானாவின் குரல் வந்தது. "யா அல்லாஹ்... எலும்புக்குள்ள எல்லாம் குளிரா ஈக்கிது சிஸ்டர்."

புஷ்பம் அக்கா முதலில் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பிறகு நடுங்கினார்.

அந்த நேரத்தில் வாட்டில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நிதானமானவர், புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர். நான்கு கட்டிலையும் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"சிஸ்டர், ஒரே நேரத்தில நாலு பேருக்கு நடுங்குது. இது மெஷினுக்குப் போற தண்ணியில பிழை. எல்லாத்தையும் நிப்பாட்டுவம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒருவர் நடுங்கினால் அவருடைய குழாயில் கிருமி இருக்கிறதா என்று பார். பலர் சேர்ந்து நடுங்கினால் தண்ணீரைச் சந்தேகப்படு. நீங்களும் அதைத்தான் படித்திருப்பீர்கள். ஆனால் எல்லா மெஷினையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். உள்ளே இருப்பவர்கள் அரைகுறையாக இறங்க வேண்டும். தண்ணீரைச் சோதித்து முடியும்வரை வாட்டைப் பூட்ட வேண்டும். அடுத்த முறைக்கு வெளியே வாங்கில் காத்திருப்பவர்களில் இரண்டு பேர் அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எங்கே அனுப்புவது? நிறுத்தாமல் விட்டு, தண்ணீர் உண்மையிலேயே கெட்டிருந்தால், அறை முழுக்கப் பிணம் விழும். இரண்டு பக்கமும் பள்ளம்.

நான் கண்ணை ஒரு சுற்று ஓட்டினேன். கண்டியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் பத்திரிகையில் கிரிக்கெட் பக்கம் படித்துக்கொண்டிருந்தார். அறை முழுவதுக்கும் ஒரே தண்ணீர்தான். நடுங்குவது மட்டும் ஹேவாஹெட்ட வேனில் வந்தவர்கள். யார் எந்த வேனில் வந்தார்கள் என்று தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

"டொக்டர், ரெண்டு நிமிஷம் தாங்க. ஒரு தேத்தண்ணி வேலை இருக்கு," என்றேன்.

"தேத்தண்ணியோ? இப்பவோ?"

"எனக்கில்லிங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கிழவிக்கு எப்போது பென்சன் என்ற கேள்வி இருந்தது. ஆனால் நல்ல பிள்ளை. "ரெண்டு நிமிசம்தான். பிறகு நான் நிப்பாட்டுவன்," என்று சொல்லிவிட்டு முதல் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

டயலிசிஸ் நோயாளியின் தாகம் உங்களுக்கு இன்னும் தெரியாது. உடம்பில் தண்ணீர் வெளியேற வழியில்லாததால் குடிப்பதெல்லாம் அளந்துதான். ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு நாளைத் தள்ளுவார்கள். அவர்களிடம் ஒரு கோப்பையை நீட்டினால் சொத்தை எழுதி வாங்கலாம். எங்களுக்கென்று வைத்திருந்த பிளாஸ்கை எடுத்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை நாலு கோப்பையில் ஊற்றினேன்.

"குளிருதுன்னு சொல்றீங்க. சூடா ஒரு வாய் குடிங்க, கணக்குல சேக்கமாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே போனேன்.

புஷ்பம் அக்காவின் நடுக்கம், கோப்பையைக் கண்ட அந்த நிமிடமே ஊரைவிட்டுப் போய்விட்டது. கொழுந்து பறித்த கை, ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கிக்கொண்டது. நானா "பிஸ்மில்லாஹ்" என்று குடித்துவிட்டு, அடியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார். ராமையாதான் கொஞ்சம் போராடினார். அவருக்குள் கொள்கைக்கும் நாக்குக்கும் நடந்த பேச்சுவார்த்தை முகத்தில் அப்படியே தெரிந்தது.

"சீனி போட்டிருக்கா?" என்றார். குரலில் துளி நடுக்கம் இல்லை.

"போட்டிருக்கு தலைவரே."

கையை நீட்டினார். கட்டில் நின்றுவிட்டது.

செல்லமுத்துவிடம் போனேன். அவரும் கையை நீட்டினார், பாவம். கோப்பை பல்லில் இடித்து டக்டக்கென்று தட்டியது. பாதித் தேத்தண்ணீர் போர்வையில் கொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"வேணாங்க சிஸ்டர், அப்புறம் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்லிங்க," என்று சொல்லி அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

டொக்டர் என் பின்னால் வந்து நின்றிருந்தார். "ஓம், விளங்கிட்டுது," என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. செல்லமுத்துவின் மெஷினை நிறுத்தி, இரத்தம் எடுத்து, மருந்து ஏற்றி, எல்லாம் அவரே ஓடியோடிச் செய்தார். மற்ற மெஷின்கள் ஓடின. வாத்தியார் குறட்டையை நிறுத்தவே இல்லை.

"வாசலில காய்ச்சல் காட்டயில்லையே, எப்படி?" என்று டொக்டர் கேட்டதும் கதவோரத்திலிருந்து பதில் வந்தது. புஷ்பம் அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"காய்ச்சல் தெரியாம இருக்க வேனுக்குள்ளயே தலைவர் எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு பெனடோல் குடுத்தாருங்க."

"எல்லாருக்கும் எதுக்கு?" என்றேன்.

ராமையா தலையை நிமிர்த்தினார். "ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா அது காட்டிக்குடுக்குற மாதிரி ஆயிரும் சிஸ்டர். ஒருத்தன் நடுங்குனா காய்ச்சல்னு சொல்லுவீங்க. எல்லாரும் நடுங்குனா ஏசின்னு சொல்லுவீங்க. அதான் சேந்து நின்னோம்."

தோட்டத்தில் ஒருவருக்குப் பிரச்சினை என்றால் மலையே வேலையை நிறுத்தும். வாழ்நாள் முழுக்க அந்த வழியில்தான் அந்த மனிதர் ஆட்களுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதே வழியை இரத்தத்தில் ஓடுகிற கிருமியிடமும் காட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

குழாயைக் கழற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது செல்லமுத்து அதைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு பிஸ்கட் கேட்காத மனிதர், "குடுக்க மாட்டேன்" என்று கத்தினார். "வியாழக்கிழம ஒபரேசன் சிஸ்டர். காய்ச்சல்னு எழுதிட்டா மறுபடி கடைசிக்குப் போட்டுருவாங்க. ரெண்டு நாளுங்க. ரெண்டே நாளு மறைச்சுக்கங்க."

அவர் பயந்தது நியாயம். பொய் சொல்லி அவரைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை. "வியாழக்கிழமை தேதி இருக்கு செல்லமுத்து. ஆனா வியாழக்கிழமை நீங்க இருக்கணுமே. இது இதயத்துல போய் உக்காந்துருச்சுன்னா கையில ஒபரேசன் பண்ண ஆள் இருக்காது," என்றேன். அவர் பிடியை விடவில்லை. நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் துரைமார் பக்கம்.

அப்போதுதான் ராமையாவைப் பார்த்தேன். அவருடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எழுந்து வர முடியாது. "தலைவரே, நீங்கதான் ஆரம்பிச்சீங்க. நீங்களே முடிங்க," என்றேன்.

ராமையா போட்டிருந்த கம்பளிச் சட்டையிலிருந்து ஒவ்வொரு கையாக இழுத்து எடுத்து, சட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்கு எறிந்தார்.

"டேய் முத்து. போராட்டத்த வாபஸ் வாங்குறோம்."

"தலைவரே, நீங்களே இப்படிச் சொன்னா..."

"நான்தான் சொல்றேன். குழாய விடு. தேதிக்கு நான் ஆளுங்களோட போய் உக்காந்து கேக்குறேன். அதுக்கு நீ உசுரோட வேணும்டா."

செல்லமுத்து கையை எடுத்தார்.

குழாய் கழன்றதும் அவர் என்னிடம் இன்னொன்று சொன்னார். ஒபரேசன் தேதி கொடுத்த இடத்தில், "நல்லாக் குளிச்சிட்டுச் சுத்தமா வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான். இவர் தேதி கிடைத்த நாளிலிருந்து தினமும் லயத்து வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலிக்குப் போய், கழுத்தில் சொப்பிங் பேக்கைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, சவுக்காரம் தேய்த்துத் தலையோடு குளித்திருக்கிறார். மலைத் தண்ணீர் கொட்டுகிற வேகத்துக்குச் சொப்பிங் பேக் எம்மாத்திரம்!

"நனைக்கக்கூடாதுன்னு நாங்க படிச்சுப் படிச்சுச் சொன்னோமே?" என்றேன்.

"அதான் பேக் கட்டுனேங்க. அவங்க குளிக்கச் சொன்னாங்க, நீங்க நனைக்காதன்னு சொன்னீங்க. ரெண்டையும் கேட்டேன்."

தங்கச்சிமாரே, தம்பிமாரே, நாம் ஒரு வாசலில் ஒன்றைச் சொல்கிறோம். இன்னொரு வாசலில் வேறொருவர் வேறொன்றைச் சொல்கிறார். சொல்கேளாத நோயாளி தப்பித்துவிடுவான். இரண்டையும் கேட்கிற நல்ல மனிதன்தான் மாட்டிக்கொள்வான். "நனைச்சீங்களா?" என்று கேட்காதீர்கள், "இல்லிங்க" என்றுதான் பதில் வரும். "எங்க குளிக்கிறீங்க? எப்படிக் குளிக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். காய்ச்சல் என்று உண்மை சொன்னவருக்கு நாம் கொடுப்பது என்ன? ஊசி, தனிக் கட்டில், ஒபரேசன் ரத்து. மறைத்தவருக்குப் பிஸ்கட்டும், சாயந்தரம் வேனில் வீடும். அவர் இடத்தில் நான் இருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அதனால் அன்றைக்கே ஒபரேசன் வாட்டுக்குப் போன் போட்டேன். "ரத்து இல்லை, தள்ளிவைப்பு" என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை போனை வைக்கவில்லை. அந்தப் பேச்சில் நான் பயன்படுத்திய சில சொற்களை இங்கே எழுத முடியாது.

அன்று வேன் மூன்று பேரோடு திரும்பியது. செல்லமுத்து சில நாள் மோசமாகக் கிடந்தார். இரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது. இதயத்தில் ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் படம் வந்தபோது அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கும் ஒரு தேத்தண்ணி," என்றார். இரண்டு பேரும் குடித்தோம். பிளாஸ்கில் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

தள்ளிவைத்த தேதியில் ஒபரேசன் நடந்தது. அது பழகி, கைவழியாக இரத்தம் எடுக்கத் தொடங்கி, கிருமி அடங்கியதும் போட்ட புதுக் கழுத்துக் குழாயும் போன பிறகு செல்லமுத்து ஒரு நாள் கையை நீட்டிக்கொண்டு வாட்டுக்குள் வந்தார். ஃபிஸ்டுலாவில் காதை வைத்தால் இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். வேன் ஆட்கள் வரிசையில் நின்று அவருடைய கையில் காதை வைத்துக் கேட்டார்கள். நானா "மாஷா அல்லாஹ்" என்றார். புஷ்பம் அக்கா இரண்டாம் முறையும் வரிசையில் நின்றார். ராமையா ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "நம்ம வேன் எஞ்சினவிட நல்லா இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். வேன் டிரைவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லோரும் அவரவர் கட்டிலுக்குப் போனார்கள். ராமையா மட்டும் நின்றார். அவருடைய கழுத்தில் இன்னும் குழாய் இருந்தது. குறை சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்து, "என்ன தலைவரே, தலையணையா?" என்றேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு, எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்.

"காலையில இருந்து எனக்குக் குளிருது சிஸ்டர். பெனடோல் போடல. நடிக்கவும் இல்ல."

நான் தேத்தண்ணி நீட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை. அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, டொக்டரைக் கூப்பிடச் சொல்லி, இரத்தம் எடுப்பதற்காகக் கை கழுவப் போனேன்.